மதிப்பெண் மன்னிப்பு

நூற்றிருபது அலகுகள்.
அதில் முப்பது எங்களிடமே படித்திருக்க வேண்டும்.
உறைவு நிபந்தனை என்று அதற்குப் பெயர்.
படிப்பு இணையவழிக்குப் போனபின்
யாரும் எங்கும் வந்து உறைவதில்லை.
டுபியூக் நகரத்து மேட்டில், இந்தக் கட்டடத்தில்
இப்போது உறைவது நானும், ஒரு நகல் இயந்திரமும்,
வெப்பக் குழாய்க்குள் இருந்து தட்டும் ஏதோ ஒன்றும்.

நான் லூத்தரன். சம்பளம் மட்டும் கத்தோலிக்கம்.
பதினோரு வருடமாகப் பதிவாளர் அலுவலகத்தில்
பிறர் மதிப்பெண்களை நிறுத்துப் போடுகிறேன்.

லுட்மிலா ஜூபான்சிச்சின் படிவம்
ஒரு பிப்ரவரியில் வந்தது.
ஊர் எவ்லெத், மின்னசோட்டா. வயது நாற்பத்தொன்பது.
வேலை, சாலைத் துறையில் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுவது.
கத்தோலிக்க இயல் ஏன் என்ற கட்டத்தில்
இருநூறு சொற்கள் கேட்டிருந்தோம்.
நான்கு எழுதியிருந்தாள்:
இரவெல்லாம் வண்டியில் தனியாக இருக்கிறேன்.
ஒரு வரி விட்டு, இன்னும் மூன்று:
யாரோடு என்று தெரியவேண்டும்.

பெயரைத் தட்டியதும் பழைய பதிவு எழுந்து வந்தது.
தொண்ணூற்று மூன்று, இலையுதிர்ப் பருவம்.
அன்று வளாகத்துக்கே வந்து படித்திருக்கிறாள்.
பன்னிரண்டு அலகு தேர்ச்சி.
மறைநூல் அறிமுகத்தில் எஃப்.
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.
காரணம் என்றொரு கட்டம்
அந்தக் காலத்துப் படிவத்தில் கிடையாது.

தொலைபேசியில் விதியைப் படித்துக் காட்டினேன்.
பிரிவு ஏழு, உட்பிரிவு நான்கு, மதிப்பெண் மன்னிப்பு:
மறுபடி படித்துத் தேறினால்
பழைய மதிப்பெண் சராசரியில் சேராது.
பதிவேட்டிலிருந்து நீக்கப்படவும் மாட்டாது.

"அப்படியென்றால் அது என்ன மன்னிப்பு?
பாவசங்கீர்த்தனத்தில் சாமியார்
எதையும் எழுதி வைப்பதில்லையே."

"நாங்கள் சாமியார் இல்லை, அம்மா. பதிவாளர்."

சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.
பின்னணியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் புயல்.
கட்டுரை இரண்டு நாள் தாமதம்.
நாளொன்றுக்குப் பத்து மதிப்பெண் கழியும்;
விலக்கு வேண்டுமானால் சான்று வேண்டும்,
மருத்துவர் கடிதமோ இறப்பு அறிவிப்போ.
அவள் அனுப்பியது வண்டியின் ஓட்டப் பதிவு.
முப்பத்தோரு மணி நேரம்.
சாலை 53, சாலை 37, மறுபடி 53, மறுபடி 53.
சான்றுகளின் பட்டியலில் ஓட்டப் பதிவு இல்லை.
குழு மறுத்தது. கடிதத்தை அடித்தவன் நான்.

தவறுதலாக, அதே மின்னஞ்சலில்
கட்டுரையையும் இணைத்திருந்தாள்.
படித்திருக்கக் கூடாது. படித்தேன்.
உத்தரிக்கும் ஸ்தலம் பற்றியது.
பாவம் மன்னிக்கப்பட்டபின்னும் எஞ்சுவது எது
என்பது கேள்வி.
திருச்சபைத் தந்தையர் இருவரை
மேற்கோள் காட்டிவிட்டு, மூன்றாம் பக்கத்தில்:

*சாலையை ஒதுக்கியபின் பனி எங்கும் போய்விடுவதில்லை.
ஓரத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும்.
உப்பும் மண்ணும் ஏறிக் கறுக்கும்.
மே மாதம்வரை பார்க்க அசிங்கமாக இருக்கும்.
ஆனால் பள்ளிப் பேருந்து போகிறது.*

தொண்ணூற்றொன்று கொடுத்திருந்தார் பேராசிரியர்.
கழிவு போக எழுபத்தொன்று.
நான் எதையும் மாற்றவில்லை; எனக்கு அதிகாரம் இல்லை.
ஆனால் அன்று அவள் பதிவை அச்சிட்டபோது
எஃப் அதன் பழைய வரியிலேயே நின்றது,
பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக் குறியோடு.
கீழே, முப்பது வருடம் தள்ளி, ஒரு சி.
நடுவில் இருந்த வெள்ளைத் தாளை
கொஞ்ச நேரம் பார்த்தேன்.

இன்னும் நூற்றைந்து அலகு.
வருடத்துக்கு ஒன்பது என்றால் பன்னிரண்டு வருடம்.
பத்து வருடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று
முன்பு ஒரு விதி இருந்தது.
யாரோ எடுத்துவிட்டார்கள், யாரென்று குறிப்பில்லை.

நேற்று ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள்.
லத்தீன் பாடத்தை வண்டி ஓட்டியபடியே கேட்கலாமா?

விதிநூல் முழுக்கத் தேடினேன். தடை இல்லை.
கேட்கலாம் என்று எழுதினேன்.
ஆசிரியரின் நிபந்தனை ஒன்றே ஒன்று,
வினைச்சொற்களை மனத்துக்குள் சொன்னால் போதாது,
வாய்விட்டுச் சொல்ல வேண்டும்,
யாருக்காவது கேட்கும்படி.